கருவையை வெட்டிய பிறகுதான் வேலை தொடங்குகிறது: மானாவாரி நிலத்துக்கு ஓர் ஐந்தாண்டு வழிகாட்டி

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் மானாவாரி நிலம் இருந்து, பல வருடம் வெளியூரில் பிழைத்துவிட்டு, இப்போது அந்த நிலத்தில் மறுபடியும் விவசாயம் செய்யலாம் என்று வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலத்தை விட்டுப்போகும்போது வெறும் கரிசலாக இருந்திருக்கும். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே கால் வைக்க முடியாதபடி சீமைக்கருவேலம் நிற்கும். கருவை என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான். ஜேசிபியை விட்டு ஒரே வாரத்தில் சுத்தமாக்கிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆக்கிவிடலாம்தான். ஆனால் அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு அதே நிலத்தில் ஆயிரக்கணக்கில் கன்று முளைத்து நிற்கும்போது அருகில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மரம் நிற்பது கண்ணுக்குத் தெரியும் பிரச்சினை. மண்ணுக்குள் கிடக்கும் விதைதான் உண்மையான பிரச்சினை. ஒரு காயில் பத்து முதல் இருபது விதைகளுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் கடினமான ஓட்டுக்குள் இருப்பதால் எல்லாம் ஒரே மழையில் முளைக்காது. இந்த மழைக்குக் கொஞ்சம், அடுத்த மழைக்குக் கொஞ்சம் என்று பல ஆண்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். முன்பு புரட்டாசி கடைசியில் தொடங்கி மார்கழியில் முடியும் ஒரே பருவத்தை எதிர்பார்த்துக் களையெடுத்தால் போதும். இப்போது மழை அந்தக் கணக்கில் வருவதில்லை. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. வறண்ட ஆண்டு, வெள்ள ஆண்டு இரண்டுமே கருவைக்குச் சாதகம். ஆகவே உங்கள் வேலைத் திட்டத்தை நாள்காட்டியோடு கட்டாதீர்கள், மழையோடு கட்டுங்கள். கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

1. கத்தியை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள்

தேவைப்படுபவை இவை: சிட்டா, அ-பதிவேட்டின் நகல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு). முதல் மூன்றையும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். புலப்படத்தை மட்டும் பெரிய தாளில் இரண்டு பிரதி அச்செடுத்து வையுங்கள். ஒன்று அலுவலகங்களுக்கு, இன்னொன்று உங்கள் களைக் கணக்குக்கு. இரண்டாவது எதற்கு என்பது ஆறாம் படியில் வரும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரிலோ, நான்கு பங்காளிகள் பெயரிலோ பட்டா இருந்தால் மானிய விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். என்னை ஓர் அலுவலகத்தில் இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். முதல் முறையே என்னென்ன தாள் வேண்டும் என்று முழுப் பட்டியலைச் சொல்லவும் இல்லை. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். நிலத்தைச் சுத்தம் செய்ய நினைக்கும் ஆண்டுக்கு முந்தைய கோடையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

எல்லைக்கல் தெரியவில்லை என்றால் நில அளவைக்குப் பணம் கட்டி அளந்துகொள்ளுங்கள். கருவை வளர்ந்த நிலத்தில் கல் பெரும்பாலும் புதைந்து போயிருக்கும். ஜேசிபி ஓட்டுநருக்கு எல்லை தெரியாது. பக்கத்து நிலத்து வரப்பை அவர் தள்ளிவிட்டால், பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்பிய உங்களுக்கு முதல் வரவேற்பு சண்டையாகத்தான் இருக்கும்.

மொத்த நிலம் ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு, குறு விவசாயி சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வேளாண் துறை, தோட்டக்கலைத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை என எங்கே போனாலும் இதைக் கேட்பார்கள். விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணையும் அதே நடையில் பதிந்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நிலத்தை ஒட்டிக் கண்மாய்க் கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ நிற்கும் மரங்கள்தான் உங்கள் நிலத்துக்கு விதை அனுப்பும். ஆனாலும் அவற்றில் கை வைக்காதீர்கள். அவை ஏலம் விட்டுத்தான் வெட்டப்பட வேண்டும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியத்தில் மனு கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்டது என்றால் நீர்வளத் துறையில். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுவிட்டு, அந்த நகலோடு மனு கொடுத்தால் பதில் வர வாய்ப்பு அதிகம். அயல் படையெடுப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

2. நிற்க வேண்டிய மரங்களைக் குறியுங்கள்

முள் இருந்தால் எல்லாம் கருவை என்று நினைக்கும் ஆட்கள் உண்டு. நாட்டுக் கருவேலம், உடை, வெள்வேல், வன்னி, இலந்தை எல்லாம் அந்தப் புதருக்குள் நசுங்கி நிற்கும். அவை இந்த மண்ணின் மரங்கள். பின்னால் கருவையை நிழலால் அடக்க உங்களுக்கு உதவப் போகிறவையும் அவைதான்.

நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடை சிறுத்து, மணி கோத்தது போல, சாம்பல் படிந்து இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்கு நீண்ட கதிர். காய் பழுத்தால் வைக்கோல் நிறத்தில் சற்றே வளைந்து தொங்கும். உடைத்து நுனிநாக்கில் வைத்தால் இனிக்கும். அந்த இனிப்புக்குத்தான் ஆடும் மாடும் தேடிப் போகின்றன. பூவோ காயோ இல்லாத நேரத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால், ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நிறுத்த வேண்டிய மரத்தில் இடுப்பு உயரத்தில் வெள்ளைச் சாயம் பூசுங்கள். துணி கட்டினால் முள்ளில் கிழிந்து காணாமல் போகும். இயந்திரம் வரும் நாளில் நீங்களே நிலத்தில் நில்லுங்கள்.

3. எந்த மாதம் வெட்டுவது

தை, மாசி. அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை.

காரணம் மண். கார்த்திகையில் கரிசலில் இயந்திரம் புதையும். வைகாசியில் மண் பாறையாக இறுகி, தூர் (வேரோடு சேர்ந்த அடிக்கட்டை) பாதியில் முறியும். தை, மாசியில் மேல்மண் காய்ந்து, அடிமண்ணில் ஈரம் இருக்கும். தூர் முழுதாக வரும். இரண்டாவது காரணம் காய். கோடையில்தான் காய் அதிகம் பழுத்துக் கொட்டும். அதற்கு முன் மரத்தை எடுத்தால் ஓர் ஆண்டு விதை மண்ணில் சேராமல் தப்பும்.

மழை தள்ளிப்போன ஆண்டில் இந்த மாதக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஜனவரியிலும் மழை பெய்தால் மாசி முழுவதும் காத்திருங்கள். பருவமழை பொய்த்துத் தையிலேயே மண் இறுகிவிட்டால், அந்த ஆண்டு தூர் எடுக்க முயலாதீர்கள். இயந்திர வாடகை இரண்டு மடங்காகும், தூரும் பாதிதான் வரும். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்யும்வரை பொறுத்திருந்து, அதன்பின் நான்கைந்து நாளில் தொடங்குங்கள். மண்ணில் கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். ஒரே குத்தில் ஒரு சாண் இறங்கினால் நேரம் சரி.

4. ஒப்பந்தத்தில் ‘தூரோடு’ என்று எழுதுங்கள்

கருவையைத் தரைக்கு மேல் வெட்டினால் அது சாவதில்லை. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. வெட்டிய சில வாரங்களில் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டுகள் கிளம்பும். அந்த மொட்டு வளையம் முழுவதும் வெளியே வர வேண்டும். சிறு மரத்துக்கு ஓர் அடி ஆழம் தோண்டி எடுத்தால் போதும். பெரிய மரத்துக்கு இரண்டடி. அதற்குக் கீழே ஓடும் ஆணிவேர் உள்ளேயே இருந்தாலும் பரவாயில்லை, அதிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது.

விறகு வியாபாரி வந்து, “அண்ணே, நீங்க ஒரு பைசா தர வேண்டாம், நானே வெட்டி எடுத்துட்டுப் போறேன்” என்பார். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். அவர் எடுப்பது தரைக்கு மேல் உள்ளதை மட்டும். தூர்கள் உங்களுக்கு. அதன்பின் அந்தத் தூர்களைத் தோண்டுவது மரத்தோடு சேர்த்துத் தோண்டுவதைவிடக் கடினம். பிடித்து இழுக்கத் தண்டு இருக்காது, எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

ஆகவே இப்படிப் பேசுங்கள். தூர்க்கட்டையும் கரி மூட்டத்துக்குப் போகும் சரக்குதான். கனமான கட்டை, கரி நன்றாக நிற்கும். மேல்மரமும் தூரும் சேர்த்து அவருக்கே, ஆனால் தூரோடு எடுக்க வேண்டும், இயந்திரச் செலவில் ஒரு பங்கு அவருடையது. நெருக்கமாகவும் பெருத்தும் மரம் நின்றால் இதற்குச் சம்மதிப்பவர் கிடைப்பார். குச்சி குச்சியாக நின்றால் கிடைக்க மாட்டார். அப்போது முழுச் செலவும் உங்களுடையதே.

முத்திரைத் தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை ஏக்கர், எந்த சர்வே எண், தூர் எடுக்கும் ஆழம், குழிகளை மூடித் தருவது, சாயம் பூசிய மரங்களுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். கட்டை ஏற்றிச் செல்லும் வண்டியில் சிட்டா நகலும், மரம் பட்டா நிலத்திலிருந்து வந்தது என்று கிராம நிர்வாக அலுவலர் தந்த தாளும் இருந்தால் வழியில் தகராறு இல்லை.

இயந்திரத்துக்கு இரண்டு வழிகள். தனியாரிடம் ஜேசிபி வாடகை எங்கள் பக்கம் மணிக்கு 1,200 ரூபாயிலிருந்து 1,500 வரை. வேளாண்மைப் பொறியியல் துறையில் அதைவிடக் குறைவு. இ-வாடகை செயலி வழியாகவோ உபகோட்ட அலுவலகத்திலோ பதிந்து, முன்பணம் கட்ட வேண்டும். ஆனால் தை, மாசியில் எல்லோரும் கேட்பார்கள். மார்கழி தொடக்கத்திலேயே பதியுங்கள். உங்கள் ஊராட்சி கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் எடுக்கப்பட்ட ஊராட்சியா என்பதையும் விசாரியுங்கள். பத்து முதல் பதினைந்து ஏக்கர் வரை தரிசு நிலத்தைத் தொகுப்பாகச் சேர்த்து, முட்புதர் அகற்றுவது அதில் ஒரு பகுதி. பக்கத்து நிலக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து போனால்தான் இது நடக்கும். சேர்ந்து செய்வதில் வேறொரு லாபமும் இருக்கிறது: வேலிக்கு அந்தப் பக்கம் கருவை நிற்காது.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பீர்கள். தூரில் உப்பு கொட்டுவது, டீசல் ஊற்றுவது எல்லாம் ஊரில் சொல்வார்கள். உப்பு போட்ட இடத்தில் உங்கள் பயிரும் வராது. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. கண்மாய்த் தண்ணீரை ஆடுமாடும் மனிதரும் ஒன்றாகக் குடிக்கும் ஊரில் இதெல்லாம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடப்பாரை போதும்.

முள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும், டிராக்டர் டயரையும் பஞ்சராக்கும். நுனி உள்ளேயே முறிந்துவிட்டால் கால் வீங்கி நாட்கணக்கில் நடக்க விடாது. தடித்த அடிப்பாகமுள்ள காலணி, தோல் கையுறை, கண்ணாடி மூன்றையும் வேலையாட்களுக்கு நீங்களே வாங்கிக் கொடுங்கள். டெட்டனஸ் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. விதை வரும் வழிகளை அடையுங்கள்

இது எந்த அறிவிப்பிலும் சொல்லப்படாத பகுதி. நிலத்தைச் சுத்தம் செய்தவர்கள் மறுபடியும் விதையைத் தாங்களே கொண்டுவந்து போடுவது இங்கேதான்.

முதலாவது கிடை, அதாவது மந்தையை இரவில் நிலத்தில் அடைத்து வைப்பது. ஆட்டுக் கிடை போட்டால் நிலம் வளம் பெறும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆடு தின்ற கருவைக் காயின் விதை எல்லாமே சாவதில்லை. குடல் வழியாக வந்த விதை ஓடு இளகி, இன்னும் சீக்கிரம் முளைக்கும். புழுக்கையை உடைத்துப் பாருங்கள், பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான சிறு விதைகள் உள்ளே இருக்கும். ஆகவே காய் கொட்டும் கோடை மாதங்களில் கிடை வேண்டாம். மந்தையை நடத்தி வரும் கீதாரியிடம் கேளுங்கள்: கடந்த ஒரு வாரம் மந்தை எங்கே மேய்ந்தது? கருவைக் காட்டில் என்றால், ஒரு வாரம் பயிர்த் தாளில் மேய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள். நியாயமான கீதாரி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது சாணம். பச்சைச் சாணத்தை வாங்கி நேராக நிலத்தில் கொட்டாதீர்கள். குவித்து, ஈரம் கொடுத்து, புரட்டி, நன்றாகச் சூடேறி மக்கிய பிறகே போடுங்கள். அதிலும் சில விதைகள் தப்பும். குவியலின் மேல் முளைத்தவற்றை அங்கேயே பிடுங்கிவிடலாம்.

மூன்றாவது வண்டல். வட்டாட்சியர் அனுமதியோடு கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்கலாம் என்பதால் பலரும் வண்டி வண்டியாக அடிக்கிறார்கள். கண்மாய்க்குள் கருவைக் காடு இருந்தால், அந்த வண்டல் முழுவதும் விதை. அடிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கரம்பை மண் அவ்வளவு நல்லது. நிலம் முழுவதும் பரப்பாமல் ஒரு மூலையில் பரப்பி, ஒரு மழை பார்த்து, முளைத்ததை அழித்துவிட்டு இழுத்துவிடுங்கள்.

நான்காவது தண்ணீர். பழுத்த காய் மிதக்கும். மேட்டு நிலத்திலிருந்து வரும் வாய்க்கால் உங்கள் நிலத்துக்குள் நுழையும் மடைவாயில் பனை மட்டையையோ மூங்கில் தட்டியையோ சாய்த்து வையுங்கள். மழை நின்றதும் அதில் சேர்ந்த குப்பையை வாரி எரித்துவிடுங்கள்.

ஐந்தாவது நீங்கள் கட்டும் வேலி. காயோடு இருக்கும் கருவைக் கிளைகளை வரப்பில் அடுக்கி முள்வேலி கட்டாதீர்கள்.

6. ஒவ்வொரு உழவு மழைக்கும் பிறகு ஒரு நடை

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மில்லிமீட்டர் குறித்த பிளாஸ்டிக் மழைமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நிலத்தில் மரநிழல் படாத இடத்தில் கம்பத்தில் கட்டுங்கள். வெளியூரில் இருப்பவர் என்றால், தினமும் அந்தப் பக்கம் போகும் ஒருவரிடம் காலையில் அளவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மாவட்டத் தலைநகரில் பெய்த மழை உங்கள் நிலத்துக் கணக்கல்ல. ஒரு கண்மாய்க்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் காயும் பூமி இது.

நான் வைத்திருக்கும் விதி: இரண்டு நாட்களுக்குள் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் உழவு மழை பெய்துவிட்டால், எந்த மாதமாக இருந்தாலும் முளைப்பு உண்டு என்று எடுத்துக்கொள். சித்திரையில் பெய்தாலும், ஆவணியில் பெய்தாலும் சரி. அந்த மழையிலிருந்து மூன்றாவது வாரம் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் போனால் முளை கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் போனால் வேர் கைக்கு அடங்காது. கருவைக் கன்றுக்குத் தண்டைவிட வேர் வேகமாக இறங்கும்.

கன்றை அடையாளம் காண்பது எளிது. முதலில் தடித்த, நீள்வட்ட விதையிலை இரண்டு. அவற்றின் நடுவிலிருந்து சீப்புப் பல்லாகச் சிற்றிலைகள் அடுக்கிய முதல் இலை. மூன்றாவது வாரத்தில் விதையிலை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்தை மண்ணோடு சேர்த்து இரண்டு விரலால் பிடித்து, சாய்க்காமல் நேர் மேலே இழுங்கள். வெள்ளை வேர் முழுதாக வந்தால் வேலை முடிந்தது. பச்சைத் தண்டு மட்டும் கையில் வந்தால் அது திரும்பத் துளிர்க்கும், களைக்கொத்தால் ஓர் அங்குலம் தோண்டி மீதியை எடுங்கள். ஈரம் காய்வதற்குள் செய்தால் ஒரு கன்றுக்கு ஒரு நொடி. காய்ந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் களைக்கொத்து வேண்டும், கூலி பல மடங்கு.

இப்போது அந்த இரண்டாவது புலப்படப் பிரதி. நிலத்தை நான்கு துண்டாகப் பிரித்துக் கோடு போடுங்கள். ஒவ்வொரு நடையிலும் தேதி, மழை அளவு, ஒவ்வொரு துண்டிலும் பிடுங்கியது ஏறத்தாழ எத்தனை என்று எழுதுங்கள். ஓர் ஆண்டு எழுதினால் விதை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பழைய தொழுவம் இருந்த இடம், மடைவாய், மாடு கட்டும் புளியமரத்தடி என்று சில இடங்களே மொத்தத்தில் பெரும்பங்கு கொடுக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து அந்த இடங்களை மட்டும் கவனமாகப் பார்த்து, மற்றவற்றை வேகமாக நடந்துவிடலாம்.

இயந்திரம் தோண்டிய குழிகளைச் சுற்றி முதல் ஆண்டு தனியாகப் பாருங்கள். அங்கே வருவது விதைக் கன்று அல்ல, விட்டுப்போன தூரின் துளிர். தடித்து, ஒரே இடத்திலிருந்து கொத்தாக வரும். கையால் வராது, கடப்பாரைதான்.

பார்த்தீனியமும் இதே நடையில் பிடுங்கப்பட வேண்டும். கருவையை எடுத்து வெளிச்சம் விழுந்த நிலத்தில் அது முதலில் வந்து உட்காரும். முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். பூப்பதற்கு முன் பிடுங்குங்கள், கையுறை கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்களை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

7. மழை பொய்த்தால், மழை மிஞ்சினால்

மழை பொய்த்த ஆண்டில் எல்லோரும் நிலத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முளைப்பு குறைவாகத்தான் இருக்கும், நடைகளும் குறையும். ஆனால் அந்த ஆண்டுதான் ஆபத்து அதிகம். வேறு பசுமை எதுவும் இல்லாததால் ஊர் ஆடுமாடு முழுவதும் கருவைக் காயைத் தின்றுவிட்டு உங்கள் வெறும் நிலத்தில் படுத்து எழும். அந்தக் கோடையில் படல் வைத்து அடைக்க முடிந்தால் அடையுங்கள். முடியாவிட்டால் புழுக்கை குவிந்த இடங்களைப் படத்தில் குறித்து, அடுத்த மழைக்கு முதலில் அங்கே போங்கள். வறண்ட ஆண்டுக்கு அடுத்த முதல் நல்ல மழைக்குத்தான் மிகப் பெரிய முளைப்பு வரும். அதற்கான கூலிப் பணத்தை வறண்ட ஆண்டிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

வெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் வடிந்ததும் வரப்போரம் பாருங்கள். காயும் சருகும் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். அந்தக் கோட்டைக் காய்ந்த உடனே வாரி எடுத்துவிட்டால் ஓர் ஆள், அரைநாள் வேலை. விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அதே கோட்டில் வேலி கட்டியதைப் போல் கருவை நிற்கும்.

8. நிலத்தை வெறுமையாக விடாதீர்கள்

கருவைக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும். நெருக்கமாகப் பயிர் மூடிய நிலத்தில் அது மெலிந்து போகும். முதல் ஆண்டே நெல்லோ மிளகாயோ போட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். தீவனச் சோளத்தையும் கம்பையும் நெருக்கி விதையுங்கள். பருவம் தப்பி மழை வந்தாலும் எள், தட்டைப்பயறு என்று ஏதாவது ஒன்றை இறைத்துவிடுங்கள். விளைச்சல் வராமல் போகலாம், மண்ணை மூடினால் போதும். அதற்கான விதை ஒரு மூட்டை எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

உழவில் ஒரு கண்ணி இருக்கிறது. தூர் எடுத்த முதல் ஆண்டு சட்டிக் கலப்பையால் ஆழ உழலாம். அதன்பின் ஆழ உழாதீர்கள். மேல்மண்ணில் இருந்த விதைகள் முளைத்துத் தீர்ந்துவரும் நேரத்தில், அடியில் கிடக்கும் விதையை நீங்களே மேலே கொண்டுவந்துவிடுவீர்கள். இரண்டாம் ஆண்டு முதல் கொத்துக் கலப்பையால் மேலாக ஓட்டினால் போதும்.

பயிர் வைக்காத பகுதிக்குக் கொழுக்கட்டைப் புல் நல்லது. வறட்சி தாங்கும், ஆட்டுக்கும் ஆகும். வரப்பில் புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றுங்கள். வேம்பும் புங்கனும் வரட்டும்.

9. பணத்தை எப்படிப் பிரிப்பது

மரத்தின் நெருக்கத்தைப் பொறுத்து ஏக்கருக்கு ஐந்து முதல் பத்து மணி நேரம் இயந்திரம் ஓடும். தனியார் வாடகையில் ஆறாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய். கட்டை விற்ற பணம் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம், முழுவதையும் ஈடுகட்டும் என்று நம்பி இறங்காதீர்கள். அதன்மேல் குழி மூடி, உழுது, வரப்புப் போட டிராக்டர்ச் செலவு.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் முதல் ஆண்டில் செலவழிப்பதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. ஐந்து ஏக்கரை எடுத்துவிட்டுப் பிறகு பார்க்க முடியாமல் விடுவதைவிட, இரண்டு ஏக்கரை எடுத்து ஐந்தாண்டு காப்பது மேல். பாதிப் பணம் இயந்திரத்துக்கு, மறுபாதி நடைக்கும் களைக்கூலிக்கும் விதைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைக்கூலி முதல் இரண்டு ஆண்டுகள் அதிகம் கேட்கும், மூன்றாம் ஆண்டிலிருந்து குறையும். ஒரே மேஸ்திரியையும் அதே நான்கு பெண்களையும் தொடர்ந்து கூப்பிடுங்கள். கன்றைக் கண்டுபிடிக்கும் கண் அவர்களுக்குப் பழகிவிட்டால், புதிய ஆட்கள் பத்துப் பேர் செய்யும் வேலையை அவர்கள் செய்வார்கள். அந்தக் கண்ணுக்குக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதில் தவறே இல்லை.

10. அடங்கலில் பயிரை ஏற்றுங்கள்

பல வருடம் கிடந்த நிலம் அடங்கலில் தரிசு என்றே இருக்கும். முதல் ஆண்டு தீவனச் சோளம் மட்டும் போட்டாலும், பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள். அறுவடைக்குப் பிறகு போனால் வெறும் நிலத்தைப் பார்த்து யாரும் எழுத மாட்டார்கள். சர்வே எண், பயிர், விதைத்த நாள் ஆகியவற்றோடு வயலில் நின்று எடுத்த படத்தையும் கையில் வைத்திருங்கள். பின்னால் நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய இந்த அடங்கல் தேவைப்படும். சம்பா பருவத்துக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஆனால் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வந்துவிடும், அந்த வாரத்தில் அலுவலகத்திலும் பொதுச் சேவை மையத்திலும் கூட்டம் நெரியும். மழை எப்போது வரும் என்று காத்திருக்காமல், புழுதி விதைப்பு (மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைப்பது) முடிந்த கையோடு அக்டோபரிலேயே அடங்கலை வாங்கிப் பணத்தைக் கட்டிவிடுங்கள்.